நம்பர் தெரியாவிட்டால் நஷ்டஈடு இல்லையா?



பினாங்கில் விடிவதற்கு முன்பே சைக்கிள்கள் நடமாடத் தொடங்கிவிடும். வீடு வீடாகப் பேப்பர் போடுகிறவர், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் காலை ஷிப்டுக்குப் போகிற நேப்பாளத் தொழிலாளி, கோயிலுக்குப் பூ கொண்டுபோகிற பெரியவர் என்று பலர். ஞாயிற்றுக்கிழமை என்றால் தஞ்சோங் பூங்கா, பத்து ஃபெரிங்கி, தெலுக் பஹாங் வழியாகத் தீவைச் சுற்றி வருகிற விலை உயர்ந்த சைக்கிள்களும் சேர்ந்துகொள்ளும். ஜார்ஜ்டவுன் லெபோ ஆர்மேனியன் சுவரில் 2012-இல் எர்னஸ்ட் சக்காரெவிச் வரைந்த சைக்கிள் பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள வெளிநாட்டுக்காரர்கள் வரிசையில் நிற்கிறார்கள். சுவரில் இருக்கிற சைக்கிளுக்குக் கிடைக்கிற மரியாதை சாலையில் ஓடுகிற சைக்கிளுக்குக் கிடைக்கிறதா என்பது வேறு கதை.

இருட்டில் பின்னாலிருந்து ஒரு கார் வருகிறது. தட்டுகிறது. சைக்கிள் ஒரு பக்கம், ஆள் ஒரு பக்கம். கார் ஒரு விநாடி வேகத்தைக் குறைத்து, பிறகு பறந்துவிடுகிறது. ஓடி வந்து தூக்குகிறவர்கள் கேட்கிற முதல் கேள்வி, "நம்பர் பார்த்தீங்களா அண்ணே?" அடிபட்டவர் சொல்வார், "இல்லப்பா, இருட்டு." உடனே வருகிற பதில், "அப்ப விடுங்க அண்ணே, ஒன்னும் கிடைக்காது."

இந்த "விடுங்க அண்ணே" என்ற வார்த்தைதான் நம் மக்களுக்குக் காலை உடைத்த காரை விட அதிக நஷ்டத்தை உண்டாக்குகிறது. கார் உடைத்தது ஒரு காலை. இந்த வார்த்தையோ மருத்துவச் செலவு, சம்பளம், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கொண்டுபோய்விடுகிறது. மலாயில் 'லங்கார் லாரி' என்கிறோமே, மோதிவிட்டு ஓடுவது, அந்த வழக்கில் அடிபட்டவருக்குத் திறக்கக்கூடிய கதவுகள் உண்டு. எல்லாம் அகலமான கதவுகள் அல்ல. ஒன்றிரண்டு மிகவும் குறுகலானவை. ஆனால் தட்டாமலே திரும்பி வருவது என்ன நியாயம்?

முதலில் ஓடியவரைப் பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது? 1987-ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, விபத்து நடந்தால் ஓட்டுநர் வண்டியை நிறுத்த வேண்டும், பெயர், முகவரி விவரங்களைக் கொடுக்க வேண்டும், தன்னால் இயன்ற உதவியைச் செய்ய வேண்டும், 24 மணி நேரத்திற்குள் போலீஸில் புகார் செய்ய வேண்டும் என்கிறது. மோதியது ஒரு தவறு, ஓடியது இன்னொரு தவறு. ஆபத்தான முறையில் ஓட்டி மரணம் விளைவித்தால் 41-ஆவது பிரிவு. 2020-இல் அது திருத்தப்பட்டு, 5 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை சிறை, 20,000 வெள்ளி முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் என்றானது.

"நிறுத்தினால் கூட்டம் சேர்ந்து அடிக்கும், அதனால்தான் ஓடினேன்" என்று ஓட்டுநர்கள் சொல்வதுண்டு. இந்தியாவில் இதையே சொல்லி 2024 ஜனவரியில் லோரி ஓட்டுநர்கள் பெரிய வேலை நிறுத்தமே செய்தார்கள். மோதிவிட்டுத் தகவல் சொல்லாமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்ற புதிய பிரிவைத் தான் அவர்கள் எதிர்த்தார்கள். அந்த ஆண்டு ஜூலை முதல் தேதி புதிய குற்றவியல் சட்டம் நடப்புக்கு வந்தபோது அந்த ஒரு உட்பிரிவு மட்டும் நிறுத்திவைக்கப்பட்டது. பயம் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் பயந்தவர் நேராகப் பக்கத்துப் போலீஸ் நிலையத்திற்கு ஓட்டிப்போகலாமே! வீட்டுக்குப் போய்க் காரைக் கழுவுகிறவரைப் பயந்தவர் என்று எப்படி ஏற்றுக்கொள்வது?

புகாரில் எழுதுகிற முதல் வரி

அடிபட்டவர் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். யார் புகார் செய்வது? மனைவி செய்யலாம், மகன் செய்யலாம், பார்த்தவர் செய்யலாம். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் போலீஸ் பொண்டோக் இருக்கும். அங்கேயே கேட்கலாம். பிறகு அடிபட்டவர் தெளிந்தவுடன் தன் சொந்த வாக்குமூலத்தைக் கொடுக்க வேண்டும். 'வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்' என்று ஒரு வாரம், இரண்டு வாரம் தள்ளிப்போட்டால், பின்னாளில் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்கிற முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்: "உண்மையிலேயே கார் மோதியதா, அல்லது நீங்களாகக் கால்வாயில் விழுந்தீர்களா?"

இந்தப் புகார் விஷயத்தில் நம்மவர்கள் செய்கிற தவறு ஒன்று உண்டு. தெரியாததைத் தெரிந்தமாதிரி சொல்லிவிடுவது. போலீஸ்காரர் "என்ன வண்டி?" என்று கேட்கிறார். சும்மா இருந்தால் புகாரை எடுக்கமாட்டார் என்ற பயத்தில், "மைவி மாதிரி இருந்தது, சிவப்பு" என்று சொல்லிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்து அகப்பட்ட வண்டி கறுப்பு சாகா என்றால், முதல் புகாரே வழக்கைக் கவிழ்த்துவிடும். தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும், நினைவில்லாததை நினைவில்லை என்றும் சொல்ல வேண்டும். அது பலவீனம் அல்ல. எந்தச் சாலை, எந்த விளக்குக் கம்பத்திற்குப் பக்கத்தில், எந்தத் திசையில் போய்க்கொண்டிருந்தார், சைக்கிளில் விளக்கு எரிந்ததா, மணி என்ன, இவை அவருக்கு நிச்சயமாகத் தெரியும். அவற்றை விடாமல் சொல்லட்டும்.

புகார் மலாய் மொழியில் எழுதப்படும். கையெழுத்துப் போடுவதற்கு முன் வாசித்துக் காட்டச் சொல்ல எவருக்கும் உரிமை உண்டு. மலாய் சரளமாக வராத பெரியவர்கள் மகனையோ மகளையோ கூட அழைத்துப் போவது நல்லது. 'இடது பக்கம்' என்பது 'வலது பக்கம்' என்று எழுதப்பட்டதால் தடுமாறிய வழக்குகளுக்கு நீதிமன்றங்களில் பஞ்சமில்லை. புகார் எண்ணையும், விசாரணை அதிகாரியின் பெயரையும், அவருடைய அலுவலகத் தொலைபேசி எண்ணையும் ஒரு தாளில் எழுதி வீட்டில் வைத்துவிட வேண்டும். பிறகு போலீஸ் வரைகிற விபத்து இட வரைபடம், எடுத்த படங்கள், விசாரணை முடிவு ஆகியவற்றைக் கட்டணம் கட்டிப் பெறலாம். வழக்குக்கு அவைதான் அஸ்திவாரம்.

வண்டி ஓடிவிட்டாலும் அது எதையாவது விட்டுவிட்டுத்தான் போகும். உடைந்த விளக்குக் கண்ணாடித் துண்டு, பக்கக் கண்ணாடியின் மூடி, சைக்கிள் மீது ஒட்டிக்கொண்ட பெயின்ட். ஒரு துண்டு பிளாஸ்டிக்கில் அச்சடித்திருக்கிற எண்ணை வைத்தே அது எந்த மாடல் கார் என்று சொல்லிவிட முடியும். பெயின்ட் துகளை இரசாயனத் துறை ஒப்பிட்டுப் பார்க்கும். ஆனால் நடப்பது என்ன? மறுநாளே மச்சான் ஒருவர் வந்து, "எதுக்கு இந்தக் கோர சைக்கிளைப் பார்த்துக்கிட்டு" என்று அதைப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடுகிறார். அல்லது அன்போடு ரிப்பேர் செய்து, கழுவித் துடைத்து வைக்கிறார். தயவுசெய்து அந்தச் சைக்கிளைத் தொடாதீர்கள். கிழிந்த சட்டையைத் துவைக்காதீர்கள். ஹெல்மெட் இருந்தால் அப்படியே பிளாஸ்டிக் பையில் போட்டு வையுங்கள்.

இன்னொன்று கேமரா. பினாங்கு மாநகர் மன்றத்தின் கேமராக்கள் மட்டுமல்ல. பெட்ரோல் நிலையம், 24 மணி நேரக் கடை, வங்கி, அடுக்குமாடி வீட்டு வாயில், லெபோ பாசார் நகைக்கடை, ஏன், கோயில் வாசலிலும் இப்போது கேமரா இருக்கிறது. அந்தப் பதிவுகள் சில நாளிலோ சில வாரத்திலோ தானாக அழிந்து, புதிய பதிவு மேலே ஏறிவிடும். அதனால் விபத்து நடந்த அன்றே குடும்பத்தில் ஒருவர் அந்தச் சாலையில் நடந்து போய், எந்தெந்தக் கட்டடத்தில் கேமரா சாலையைப் பார்த்திருக்கிறது என்று குறித்துக்கொண்டு, விசாரணை அதிகாரியிடம் எழுத்துமூலம் கொடுக்க வேண்டும். கடைக்காரரிடம் நயமாகப் பேசி, "போலீஸ் வரும்வரை அழிக்காதீங்க அங்கிள்" என்று கேட்டுக்கொள்ளலாம். காரின் முன்கண்ணாடியில் கேமரா மாட்டியிருப்பவர்கள் இப்போது அதிகம். அந்த நேரத்தில் அந்த வழியாகப் போன கிரேப் ஓட்டுநர் ஒருவரிடம் பதில் இருக்கலாம். விசாரணை நகரவில்லை என்றால் மாவட்டப் போலீஸ் தலைவருக்குக் கடிதம் எழுதலாம். அதிலும் பயனில்லை என்றால் 2023 ஜூலையில் செயல்படத் தொடங்கிய சுயேச்சைப் போலீஸ் நடத்தை ஆணையம் இருக்கிறது.

நம்பர் கிடைத்துவிட்டால்

நம்பர் கிடைத்தால் வழி சீராகிவிடும். சாலைப் போக்குவரத்து இலாகாவில், அதாவது ஜேபிஜே-யில், தேடல் செய்தால் வண்டியின் உரிமையாளர் யார், எந்தக் காப்புறுதி நிறுவனம் என்று தெரியவரும். ஓட்டியவர் யார் என்று சொல்ல வேண்டிய கடமை உரிமையாளருக்கு உண்டு. இந்த நாட்டில் மூன்றாம் தரப்புக் காப்புறுதி இல்லாமல் எந்த மோட்டார் வண்டியும் சாலையில் ஓடக்கூடாது. அந்த மூன்றாம் தரப்பு யார்? சைக்கிளில் போகிறவர்தான்! அவர் ஒரு காசு சந்தா கட்டியதில்லை. ஆனாலும் அவருக்காகத்தான் அந்தக் காப்புறுதி.

"ஓட்டியவன் குடித்திருந்தானாம், லைசென்ஸும் இல்லையாம், அதனால் காப்புறுதி கொடுக்காதாம்" என்று காப்பிக்கடையில் ஒருவர் அடித்துச் சொல்வார். அந்தக் காரணங்களைக் காட்டி உரிமையாளரிடம் காப்புறுதி நிறுவனம் சண்டை போடலாம். அடிபட்ட மூன்றாம் தரப்பைத் தட்டிக்கழிக்க அவை போதாது. அப்படித்தான் சட்டம் எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனையை வழக்கறிஞர் மறக்கக்கூடாது. வழக்குத் தொடுப்பதற்கு முன்போ, தொடுத்த 7 நாளுக்குள்ளோ காப்புறுதி நிறுவனத்திற்கு அறிவிப்புக் கொடுக்க வேண்டும். இது 96-ஆவது பிரிவு. வழக்கு ஜெயித்தும் பணம் வராமல் போவதற்கு இந்த ஒரு கடிதம் காரணமாகிவிடலாம். உங்கள் வழக்கறிஞரிடம் மரியாதையாகக் கேளுங்கள்: "சார், இன்சூரன்சுக்கு நோட்டீஸ் போயிடுச்சா?"

சாலை விபத்து வழக்குகளுக்குச் செஷன்ஸ் நீதிமன்றத்தில் தொகை வரம்பு கிடையாது. எவ்வளவு பெரிய இழப்பீடு என்றாலும் அங்கேயே கேட்கலாம். ஓட்டுநர் குற்றவியல் வழக்கில் தண்டிக்கப்பட்டிருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை. போலீஸ் மேல்நடவடிக்கை இல்லை என்று கோப்பை மூடினாலும் சிவில் வழக்கு மூடப்படுவதில்லை. இரண்டும் வேறு வேறு அளவுகோல்.

நம்பர் கிடைத்தது, ஆனால் அந்த வண்டிக்குக் காப்புறுதியே இல்லை, சாலை வரி செத்துப்போய் இரண்டு வருஷம். அப்போது? அதற்காகத்தான் மோட்டார் காப்புறுதியாளர் பீரோ, சுருக்கமாக எம்.ஐ.பி., இருக்கிறது. 1968-இல் போக்குவரத்து அமைச்சருடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, காப்புறுதி இல்லாத வண்டியின் ஓட்டுநருக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்று, அந்தப் பணம் வசூலாகவில்லை என்றால், அந்தத் தீர்ப்பை நிறைவேற்றும் பொறுப்பை அது ஏற்கிறது. மோட்டார் காப்புறுதி நிறுவனங்கள் எல்லாம் சேர்ந்து நடத்துகிற அமைப்பு இது. இதற்கும் முன்கூட்டியே அறிவிப்பு முதலிய நிபந்தனைகள் உண்டு.

கிடைக்கவே இல்லை என்றால்

இங்கேதான் உண்மையான சிக்கல். வண்டி யாருடையது என்றே தெரியவில்லை. யார் மீது வழக்குப் போடுவது? பெயர் தெரியாதவர் மீது தீர்ப்பு வாங்க முடியாது. தீர்ப்பு இல்லாமல் எம்.ஐ.பி. ஒப்பந்தத்தின் கீழ் உரிமையும் கோர முடியாது. இப்படிப்பட்டவர்களுக்கு எம்.ஐ.பி. கருணை அடிப்படையில் ஏதாவது வழங்குவதைப் பரிசீலிக்கலாம், அவ்வளவுதான். விண்ணப்பிக்கத்தான் வேண்டும், போலீஸ் புகாரும் மருத்துவ அறிக்கையும் இருந்தால்தான் விண்ணப்பிக்கவே முடியும். ஆனால் கருணை என்பது உரிமை அல்ல. காலை இழந்த ஒருவரை, மோதியவன் கெட்டிக்காரத்தனமாக ஓடிவிட்டான் என்பதற்காகக் கையேந்தும் நிலையில் நிறுத்துவது எந்த வகையில் சரி? நின்ற ஓட்டுநர் அடித்தால் உரிமை, ஓடிய ஓட்டுநர் அடித்தால் கருணை!

பிரிட்டனில் இப்படிப்பட்ட பீரோ 1946-லேயே தொடங்கப்பட்டது. அங்கும் முதலில் காப்புறுதி இல்லாத வண்டிகளுக்கு மட்டும்தான். 1969-இல் 'கண்டுபிடிக்கப்படாத ஓட்டுநர்' ஒப்பந்தம் என்று தனியாக ஒன்று செய்தார்கள். ஓட்டுநர் அகப்படாவிட்டாலும் அடிபட்டவர் பீரோவிடம் நேரே கேட்கலாம் என்றானது. மலேசியாவின் ஒப்பந்தம் அதற்கு ஓராண்டு முந்தியது. அந்த ஓராண்டு இடைவெளி அரை நூற்றாண்டுக்கு மேலாகியும் சட்டத்தில் அடைபடவில்லை என்றால் அதைக் கேட்க வேண்டியது மக்கள் பிரதிநிதிகளின் வேலை.

இந்தியாவில் வேறு கதை. அங்கே மோதிவிட்டு ஓடும் விபத்துகளுக்கென்றே அரசாங்கத் திட்டம் உண்டு. பல ஆண்டுகள் இறந்தவர் குடும்பத்திற்கு 25,000 ரூபாய், படுகாயத்திற்கு 12,500 ரூபாய் என்றிருந்தது, 2022 ஏப்ரல் முதல் 2 லட்சமாகவும் 50,000 ரூபாயாகவும் உயர்ந்தது. வழக்கு வேண்டாம், வண்டி நம்பர் வேண்டாம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 2022-இல் பதிவான மோதிவிட்டு ஓடும் விபத்துகள் 67,387. 2022-23 நிதியாண்டில் இழப்பீடு கேட்டு வந்த விண்ணப்பங்கள் எத்தனை தெரியுமா? 205! திட்டம் இருப்பதே அடிபட்டவர்களுக்குத் தெரியவில்லை. இதை உச்ச நீதிமன்றத்தின் பார்வைக்குக் கொண்டுவந்த பொதுநல வழக்கைத் தொடுத்தவர் கோயம்புத்தூரைச் சேர்ந்த எலும்பு முறிவு மருத்துவர் எஸ்.ராஜசேகரன். 2012-இல் அவர் தொடுத்த வழக்கில், 2024 ஜனவரி 12-ஆம் தேதி நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. ஒரு மாதத்திற்குள் வண்டியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், இப்படி ஒரு திட்டம் இருக்கிறது, இந்த அலுவலரிடம் விண்ணப்பியுங்கள் என்று போலீஸே அடிபட்டவருக்கு எழுத்துமூலம் சொல்ல வேண்டும்.

எலும்பை ஒட்டவைக்கிற மருத்துவர் ஏன் நீதிமன்றப் படி ஏறினார்? அடிபட்டு வருகிறவர்களை நாள்தோறும் பார்க்கிறவர் அவர்தானே! மலேசியாவிலும் போலீஸ் நிலையத்தில் புகார் நகலோடு சேர்த்து, 'உங்களுக்குள்ள வழிகள் இவை' என்று ஒரு தாள், தமிழிலும் சேர்த்து, கொடுத்தால் என்ன குறைந்துவிடும்?

பலர் மறந்துவிடுகிற கதவு

அதுதான் சொக்சோ, இன்றைய பெர்கேசோ. சைக்கிளில் வேலைக்குப் போகிற வழியிலோ, வேலை முடிந்து வீடு திரும்புகிற வழியிலோ அடிபட்டால், அது வேலை தொடர்பான விபத்தாகவே கருதப்படும். 1969-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சமூகப் பாதுகாப்புச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. முதலாளி அனுமதித்த உணவு இடைவேளையில் சாப்பிடப் போய்வரும் வழிக்கும் இது பொருந்தும். காரில்தான் போயிருக்க வேண்டும், மோட்டார் சைக்கிளில்தான் போயிருக்க வேண்டும் என்பதெல்லாம் இல்லை. முக்கியமாக, மோதியவர் அகப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை, யார் மீது தவறு என்று நிரூபிக்க வேண்டியதும் இல்லை. லங்கார் லாரி வழக்கில் சம்பளக்காரருக்கு இதுதான் பலமான பிடி.

மருத்துவ விடுப்பு 4 நாளுக்குக் குறையாமல் இருந்தால், தற்காலிக இயலாமைக்குச் சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு கிடைக்கும். நிரந்தரப் பாதிப்பு என்றால் மருத்துவ வாரியம் விழுக்காட்டை நிர்ணயிக்கும். அது 20 விழுக்காடு வரை இருந்தால் ஒரே தொகையாகப் பெறலாம். அதற்கு மேல் என்றால் ஒரு பகுதியைத் தொகையாகவும் மிச்சத்தை மாதாமாதமும் பெறலாம். உயிர் போனால் குடும்பத்திற்குப் பென்ஷன். விபத்து பற்றித் தெரிந்த 48 மணி நேரத்திற்குள் முதலாளி பெர்கேசோவுக்கு அறிவிக்க வேண்டும். 2019 ஜனவரி முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் இந்த விபத்துப் பாதுகாப்பு உண்டு. ஆகவே அந்த நேப்பாளத் தம்பியும் இதைக் கேட்கலாம். சொந்தத் தொழில் செய்பவர்களுக்கு 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் தனித் திட்டம் இருக்கிறது. பேப்பர் போடுகிறவரும் சாப்பாடு அனுப்புகிறவரும் அதில் சேர்ந்திருக்கிறார்களா என்று இன்றே பார்த்துக்கொள்ளட்டும்.

ஒரு கண்ணி இருக்கிறது. வழக்கமான பாதையிலிருந்து விலகினால் சிக்கல். வேலை முடிந்து வீட்டுக்குப் போகாமல் ஆயர் ஈத்தாம் சந்தைக்குத் திரும்பி, நண்பர் வீட்டில் அரை மணி நேரம் உட்கார்ந்து, பிறகு கிளம்பிய வழியில் அடிபட்டால், அது வேலைக்கான பயணம் அல்ல என்று தள்ளப்படலாம். அதனால் வீட்டிலிருந்து வேலை இடத்துக்குப் போகிற பாதையின் படம், பஞ்ச் கார்டு, சம்பளச் சீட்டு, போலீஸ் புகார் எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். முதலாளி பதிவே செய்யவில்லையா? அது முதலாளியின் குற்றம். பெர்கேசோ அலுவலகத்தில் போய்ச் சொல்லுங்கள். பின்னால் வண்டி அகப்பட்டால், பெர்கேசோவில் வாங்கியது அந்த ஓட்டுநர் மீது வழக்குப் போடத் தடையாக இருக்காது.

எவ்வளவு கிடைக்கும்?

எல்லாரும் கேட்கிற கேள்வி. வலிக்கும் வேதனைக்கும் எவ்வளவு என்று நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ள ஒரு தொகுப்பு இருக்கிறது. 2018-இல் அது திருத்தப்பட்டது. கால் எலும்பு முறிவுக்கு ஒரு வரம்பு, தலைக் காயத்துக்கு ஒரு வரம்பு என்று போகும். அது வழிகாட்டி மட்டுமே. மருந்து, போக்குவரத்து, தாதி, சைக்கிள் விலை முதலிய செலவுகளுக்கு ரசீது வேண்டும். தனியார் மருத்துவமனைக்குப் போனால் முழுச் செலவும் தானாகக் கிடைத்துவிடாது. அரசாங்க மருத்துவமனையில் முடியாத சிகிச்சை, அல்லது அங்கே நீண்ட காலம் காத்திருக்க வேண்டியிருந்தது என்று காட்ட வேண்டும்.

எதிர்காலச் சம்பள இழப்புக்கு 1956-ஆம் ஆண்டு சிவில் சட்டத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. அடிபட்டபோது வயது 30 அல்லது அதற்குக் கீழ் என்றால் 16 ஆண்டு என்று கணக்கு. 31-இலிருந்து 59 வரை என்றால், 60-இலிருந்து வயதைக் கழித்து இரண்டால் வகுக்க வேண்டும். 40 வயதுக்காரர் என்றால் 10 ஆண்டு. மாதம் 500 வெள்ளி சம்பாத்தியம் குறைந்துவிட்டது என்று நிரூபித்தால் 500, 12, 10 என்று பெருக்கி 60,000 வெள்ளி. 2019 செப்டம்பருக்கு முன் இந்த வயது வரம்பு 55 ஆக இருந்தது. அப்போதுதான் 60 ஆனது. இறந்தவர் குடும்பத்திற்கான துயர ஈடும் 10,000 வெள்ளியிலிருந்து 30,000 வெள்ளியானது.

ஆனால் 60 வயதைத் தாண்டியவருக்கு எதிர்காலச் சம்பள இழப்பு என்று ஒரு காசும் கிடையாது. சட்டமே அப்படி. விடியற்காலையில் சைக்கிளில் பேப்பர் போடுகிற 63 வயதுப் பெரியவரின் உழைப்பில்தான் ஒரு வீடு ஓடுகிறது என்றாலும், சட்டத்தின் கணக்கில் அவர் சம்பாதிப்பதே இல்லை. வலிக்கும் செலவுக்கும் மட்டும் கேட்கலாம். ஓய்வு பெற்றவர்கள் வேலை தேடி அலைகிற இந்தக் காலத்தில் இந்தப் பிரிவு யாருக்காக எழுதப்பட்டது என்று தெரியவில்லை.

அடிபட்டவர் மீதும் தவறு இருந்தால் அதற்கு ஏற்ப இழப்பீடு குறையும். முன்விளக்கும் பின்விளக்கும் இல்லாமல் இருட்டில் போனால் நீதிமன்றம் அதைக் கவனிக்கும். 2017 பிப்ரவரி 18-ஆம் தேதி விடியற்காலை ஜொகூர் பாருவில் மாற்றியமைத்த சைக்கிள்களில் போன 8 சிறுவர்கள் கார் மோதி இறந்தது நினைவிருக்கும். அது லங்கார் லாரி அல்ல. கார் ஓட்டிய பெண் இருமுறை விடுவிக்கப்பட்டு, 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றத்தில் 6 ஆண்டு சிறைத் தண்டனை பெற்று, 2023 ஏப்ரலில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் விடுதலையானார். ஒரே விபத்தை நீதிமன்றங்கள் எத்தனை விதமாகப் பார்க்கலாம் என்பதற்கு அது சாட்சி. இருபது வெள்ளிக்கு ஒரு பின்விளக்கு கிடைக்கிறது. உயிருக்கும் அது காவல், வழக்குக்கும் அது காவல்.

கட்டில் பக்கத்தில் வந்து நிற்கிறவர்

வலியில் படுத்திருப்பவரின் பக்கத்தில் ஒருவர் பழத்தோடு வருவார். மலாயில் 'உலாட்' என்பார்கள், புழு. "அண்ணே, நான் பார்த்துக்கிறேன், ஒரு காசு வேணாம், கேஸ் முடிஞ்சா கமிஷன் மட்டும்" என்று தாளை நீட்டுவார். வழக்கறிஞர் யாரென்றே தெரியாமல் கையெழுத்து விழுந்துவிடும். ஜெயித்தால் பங்கு, தோற்றால் ஒன்றுமில்லை என்கிற ஏற்பாட்டை 1976-ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் தடை செய்கிறது. அப்படிப் பேசுகிறவர் முதல் வார்த்தையிலேயே சட்டத்தை மீறுகிறார். வழக்கறிஞரை நேரில் பாருங்கள். மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் இணையப் பக்கத்தில் அவர் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். கட்டணத்தை எழுத்தில் கேளுங்கள். பணம் வந்தபின் எவ்வளவு வந்தது, எவ்வளவு கழிக்கப்பட்டது என்று கணக்குத் தாள் கேளுங்கள். அவர் ஏமாற்றினால் வழக்கறிஞர்களின் ஒழுங்கு நடவடிக்கை வாரியம் இருக்கிறது.

மோதியவர் அகப்பட்டவுடன் அவருடைய மாமா வந்து, "தம்பி சின்னப் பையன், 800 வெள்ளி வெச்சுக்குங்க, கேஸ் வேணாம்" என்று சொல்வதும் நடக்கும். 'முழுமையான இறுதித் தீர்வு' என்ற வாசகம் உள்ள தாளில் காயம் ஆறி முடிவதற்கு முன் கையெழுத்துப் போடவே வேண்டாம். ஆறு மாதம் கழித்து முழங்கால் மடங்கவில்லை என்றால் அந்த 800 வெள்ளி எதற்கு உதவும்?

வசதி இல்லாதவர்கள் பினாங்கில் எங்கே போவது? அரசாங்கத்தின் சட்ட உதவி இலாகா வருமான வரம்பு பார்த்து உதவுகிறது. பினாங்கு வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையமும் இருக்கிறது. எந்த வகை வழக்கை எடுப்பார்கள் என்று முதலிலேயே கேட்டுவிடுங்கள். வழக்கை எடுக்காவிட்டாலும் ஆலோசனை கேட்கலாம். காலஞ்சென்ற எஸ்.எம்.முகமது இத்ரிஸ் பல்லாண்டு தலைமையேற்று நடத்திய பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஜாலான் மஸ்ஜிட் நெகிரியில் இருக்கிறது. தமிழிலேயே பேசலாம். ஓர் இலாகா பதில் போடவில்லை என்றால் எப்படிக் கடிதம் எழுதுவது என்று அங்கே கேட்டுக்கொள்ளலாம்.

கடைசியாகக் காலக்கெடு. காயம்பட்டவர் வழக்குப் போட விபத்து நாளிலிருந்து 6 ஆண்டு. இறந்தவரின் குடும்பத்தினர், அவரை நம்பி வாழ்ந்தவர்கள் என்ற முறையில் கேட்க, இறந்த நாளிலிருந்து 3 ஆண்டு மட்டும்தான். மோதியது அரசாங்க வண்டி என்றாலும் 36 மாதம்தான். அடிபட்டது பள்ளிப் பிள்ளை என்றால், அந்தப் பிள்ளையின் வழக்குக்கான 6 ஆண்டு, 18 வயது நிறைந்த பிறகே ஓடத் தொடங்கும். பிள்ளைக்கு 12 வயதில் நடந்தது, இனி என்ன செய்ய முடியும் என்று கைவிட்ட பெற்றோர் யாராவது இந்தப் பேச்சைப் படித்தால், அந்தப் பழைய போலீஸ் புகாரை அலமாரியிலிருந்து எடுத்து அதில் உள்ள தேதியைப் பாருங்கள்.